காருக்கு அறுபதாம் கல்யாணம்

வேலப்பன்வலசில் மயில்சாமி, மாரப்பன், தங்கவேல் என்று மூன்று பேர். ஆளுக்கு அரைப்புத்தி என்று ஊர் சொல்லும். அது கொஞ்சம் தாராளமான கணக்கு.

மயில்சாமி மனைவியின் வளையலை விற்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டு சீட்டு, கூரை கிடையாது. பழங்காலத்துக் கார் போலவே செய்த புதுக் கார். விற்ற புரோக்கர் சொன்னார்: "இதையெல்லாம் தலை நரைச்ச பணக்காரங்கதான் வாங்குவாங்க. சின்ன வயசு ஆசை! வயசாக வயசாக விலை ஏறும். ஓட்ட ஓட்ட இறங்கும்."

இறங்கிவிடக் கூடாதே என்று காரை மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வந்தார்கள்.

மனைவி சரசாள் பார்த்தாள். "வளையல் எப்ப வருதோ, அப்பத்தான் நானும் வருவேன்" என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. காரை உடனே விற்றாக வேண்டும். ஆனால் அதற்கு வயது பத்தவில்லை.

மாரப்பன்தான் வழி கண்டுபிடித்தான். "அறுபதாம் கல்யாணம் பண்ணிப்போடலாம். பண்ணிட்டா அறுபதுன்னு ஊரே ஒத்துக்கும். எவன் சர்டிபிகேட் கேக்கறான்?"

"செரி, பொண்ணு?"

எல்லோரும் தங்கவேலின் டிராக்டரைப் பார்த்தார்கள். தங்கவேலுக்குப் பெற்ற மனது.

"மாப்பிள்ளை வேலைக்குப் போவாரா?"

"போனா மதிப்புக் குறைஞ்சிரும். வீட்டோடதான் இருப்பாரு."

"என்ற புள்ள பாடுபட்டுச் சோறு போடும். செரி, முடிச்சுக்கலாம்."

மேளம் கொட்டி, மாலை மாற்றி, டிராக்டரின் ஸ்டியரிங்கில் தாலி கட்டினார்கள்.

சேதி கேள்விப்பட்டு மறுநாளே கோயமுத்தூரிலிருந்து ஒரு நரைத்தலைப் பணக்காரர் வந்தார். மஞ்சள் பூசிய காரைத் தடவித் தடவிக் கண் கலங்கினார். இரண்டு பங்கு விலை தருவதாகச் சொல்லிப் பையைத் திறந்தார். மயில்சாமிக்கு வளையல் சத்தமே காதில் கேட்டது.

"டிராக்டரை எப்பங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"டிராக்டர் எனக்கு எதுக்கு? கார் மட்டும் போதும்."

மயில்சாமி பையை மூடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். "பொண்டாட்டியப் பிரிஞ்சு இருக்கற கஷ்டம் எனக்குத் தெரியுமுங்க. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்று ஓவென்று அழுதான். பணக்காரர் பயந்துபோய் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் சரசாளின் அம்மா வீட்டு வாசலில் டிராக்டர் வந்து நின்றது. பின்னால் மாட்டுவண்டி, அதன் மேல் கார்.

சரசாள் ஓடி வந்தாள். "வளையல் வந்துருச்சா?"

"மருமகளே வந்திருக்கா, வளையல் என்னடி வளையல்? கல்யாணமானவங்க விருந்துக்கு வந்திருக்காங்க, ஆரத்தி எடு" என்றான் மயில்சாமி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "தட்டைக் கொஞ்சம் தள்ளியே புடி. மருமக இப்பத்தான் வயிறு முட்ட டீசல் குடிச்சிருக்கா."