பங்குக்கு எடுத்த ஷெட்

"பங்குக்கு இடம் எடுக்கறவன் மொதல்ல பார்க்க வேண்டியது..." என்று பெரியப்பா ஒரு கடைத் திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார் என்பதுதான் தெய்வசிகாமணிக்கு நினைவில்லை. கூரையை என்றாரோ, ஆளை என்றாரோ. அதற்குள் பின்னால் இலை போட்டுவிட்டார்கள், கூட்டம் எழுந்துவிட்டது.

ஆகவே சிகாமணி இரண்டையும் பார்த்தார்.

பல்லடம் ரோட்டில், தறிகளை விற்றுவிட்டுச் சும்மா கிடந்த நீளமான ஷெட் அது. கூரை ஒழுகவில்லை. உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பக்கம் வெல்டிங் ரத்தினசபாபதி, இன்னொரு பக்கம் குஷன் வேலை ஜெய்லானி. ஆட்களும் ஒழுகுகிறவர்களாகத் தெரியவில்லை. டீ வந்தால் முதல் கிளாஸை இவரிடம் நீட்டினார்கள்.

சிகாமணி பாதி ஆயுளை மஸ்கட்டில் கழித்தவர். அடுத்தவர் செய்கிற மேசை நாற்காலிக்கு எஸ்டிமேட் போடுகிற வேலை. நாற்பத்தெட்டு வயதில் ஊருக்குத் திரும்பி, இனித் தானே செய்வது என்று முடிவெடுத்து, அமராவதி டீச்சரிடம் போய் நின்றார். டீச்சர் பாலிடெக்னிக்கில் மரவேலைப் பிரிவை நடத்தியவர். அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டுக்கொண்டு, தேடி வருகிறவர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார். சிகாமணியைவிட வயதில் இளையவர். முதல் நாளே, "கேள்வியக் குறைச்சுட்டு இழைங்க" என்று சொல்லிவிட்டார்.

இழைத்துப் பழகினார். வீட்டுக்குப் போய் அளவெடுத்து, அவரவர் கேட்கிறபடி செய்து கொடுக்கும் தொழில். மேசைக்கு இரும்புக் கால் வேண்டுமென்றால் ரத்தினசபாபதி இருக்கிறார். நாற்காலிக்கு மெத்தை வேண்டுமென்றால் ஜெய்லானி. இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் ஆர்டரும் வந்தது, ஒரு புது வீட்டுக்குச் சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

ரத்தினசபாபதி இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சிகாமணிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. அடியில் கை நுழைகிற இடைவெளி. அதன் வழியாக ஒரு தீப்பொறி உருண்டு வந்தது. மினுமினுத்துக்கொண்டு, ஏதோ பூச்சி போல. இழைப்புச் சுருளுக்குள் புகுந்தது. சிகாமணி கையில் உளியோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நூல் போலப் புகை கிளம்பியது.

ரத்தினசபாபதி தடுப்பைச் சுற்றி வந்து செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். "சாம்பிராணி போட்டேன்னு நெனச்சுக்கங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆனால் சிகாமணிக்கு அது அவ்வளவோடு முடியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் சீறல் கேட்டால் இந்தப் பக்கம் அவர் கை நின்றுவிடும். தரையெல்லாம் மரத்தூள், மூலையில் பாலிஷும் தின்னரும், அதற்கப்பால் ஜெய்லானியின் ஃபோம் கூரை வரைக்கும். அது பற்றிக்கொண்டால் ஓட நேரம் இருக்காது. அவர் இதை வாய்விட்டுச் சொன்னதும் மற்ற இருவரும் சிரித்தார்கள். அன்று முதல் அவருக்கு ஃபயர் ஆபீசர் என்று பெயர். எல்லோரும் போன பிறகு மூலை மூலையாகக் குனிந்து மோந்து பார்ப்பார். பூட்டுவார். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து திறந்து பார்ப்பார். சோற்றில் கை வைத்தால் கருகல் வாடை அடித்தது. மனைவியிடம் கேட்டால் ஒன்றும் அடிக்கவில்லை என்றாள்.

மேசை பலகையாகவே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் ஒரு ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் பயம் போகோணும் டீச்சர். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. போகலீன்னா ஷெட்டையும் விட்டுட்டு, ஆர்டரையும் திருப்பிச் சொல்லிட்டு, மறுபடி மஸ்கட்டுக்கே எழுதிப் போட்டுடறேனுங்க."

"உங்க வயசுக்கு அங்க கூப்புடுவாங்களா?"

"கூப்புட மாட்டாங்க."

டீச்சர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் வரேன். டீ வாங்கிக் குடுங்க."

மறுநாள் வந்தார். சிகாமணி தடுப்பையும் இடைவெளியையும் தின்னர் டின்களையும் காட்டினார். டீச்சர் அதையெல்லாம் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. ஜெய்லானி போட்ட முக்காலியில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசினார். பேச்சோடு பேச்சாக, சிகாமணி வருவதற்கு முன்னால் ஷெட்டை யார் பூட்டுவார்கள் என்று விசாரித்தார்.

"கடைசியாப் போறவங்கதான் டீச்சர்" என்றார் ஜெய்லானி. "நான் போறதுக்கு முன்ன ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான் போவேன். இந்த வெல்டிங்காரரு தரையில வாளித் தண்ணி தெளிச்சுட்டுப் போவாரு. எனக்கு இவரு மேல நம்பிக்கை இல்ல, இவருக்கு என் மேல நம்பிக்கை இல்ல."

"பாய் பீடி குடிக்கறவருங்க டீச்சர், எப்படி நம்பறது" என்றார் ரத்தினசபாபதி.

"இப்ப?" என்றார் டீச்சர்.

"இப்ப எங்களுக்கென்ன. அண்ணன் இருக்காருல்ல. மோப்பம் புடிக்கறதுல கில்லாடி. நாங்க நிம்மதியாப் போறோம்."

டீச்சரும் சேர்ந்து மூவரும் சிரித்தார்கள். சிகாமணியும் சிரித்து வைத்தார்.

ஐந்தரை மணி வாக்கில் டீச்சர் எழுந்தார். சிகாமணியிடம், "வாங்க, போலாம்" என்றார்.

"பூட்டோணுமே டீச்சர்."

"எதுத்தாப்ல பேக்கரியில உக்காருவோம். இங்கிருந்தே கதவு தெரியும்."

பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. சிகாமணி குடிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அறுக்கும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜெய்லானி வெளியே வந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ரத்தினசபாபதி. கையைத் துடைத்துக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு நடந்தார். பேக்கரியில் இவர்களைப் பார்த்ததும் அங்கிருந்தே கை காட்டினார். அண்ணன் வந்து பூட்டிக்கொள்வார் என்பது அதன் பொருள்.

"தண்ணி தெளிச்சாரா?" என்று டீச்சர் கேட்டார்.

"தெரியலீங்க."

"ஜெய்லானி சுத்திப் பார்த்தாரா?"

"பார்த்த மாதிரி தெரியலீங்க." சிகாமணி எழுந்துவிட்டார். "நான் போறேன் டீச்சர்."

கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. இந்த முறை டீச்சருக்கும் அடித்தது. அவர் முந்தானையை மூக்கில் வைத்தார். விளக்கைப் போட்டார்கள். நெருப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிகாமணி தடுப்பை ஒட்டித் தவழ்ந்து தேடினார். தூள் அள்ளி வைத்திருந்த கோணிச்சாக்கின் மேல் கை வைத்தார், சுரீர் என்றது. சாக்கைப் பிரித்தார். மேலே வெள்ளையாக இருந்த தூள் உள்ளே கறுத்து, அதற்கும் உள்ளே சிவப்பாக, மூச்சு விடுகிற மாதிரி கனிந்துகொண்டிருந்தது. சாக்குக்கும் ஃபோம் அடுக்குக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத்தான் இடம்.

டீச்சர் வாளியோடு ஓடி வந்தார். ஊற்றினார்கள். மறுபடி ஊற்றினார்கள். சாக்கை வெளியே இழுத்துப் போட்டு, தண்ணீரோடு மண்ணையும் கொட்டினார்கள். பிறகு ஷெட்டுக்குள் ஓர் இடம் விடாமல் தடவிப் பார்த்தார்கள்.

முடித்துவிட்டு வாசலில் நின்றபோது டீச்சர் நனைந்த முந்தானையைப் பிழிந்தார்.

"இப்படி ஆகும்னு நான் நெனைக்கல" என்றார். "ரெண்டு பேரும் எப்படிப் போறாங்கன்னு நீங்க பார்த்தாப் போதும்னுதான் கூட்டிட்டுப் போனேன்."

சிகாமணிக்குக் கோபம் தாங்கவில்லை. "பார்த்தீங்களா டீச்சர்? நான் பயந்தது தப்பா?"

"தப்பில்ல."

"அப்ப இது போகவே போகாதா? காலம் பூரா நானே மோந்து பார்த்துட்டு, நானே பூட்டிட்டு, நானே திரும்பி வந்து பார்த்துட்டு இருக்கோணுமா?"

டீச்சர் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"வாடகைய எப்படிங்க வெச்சிருக்கீங்க?"

"மூணாப் பிரிச்சுக்கறோம்."

"கரண்ட்டு?"

"அதுவும் மூணாத்தான்."

"பயம்?"

டீச்சர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலையில் அந்தச் சாக்கு வாசலிலேயே கிடந்தது. ரத்தினசபாபதி குனிந்து, உள்ளே கையை விட்டு, கரியை எடுத்துப் பார்த்தார். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. ஜெய்லானி தன் ஃபோம் அடுக்கைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தடுப்போரம் வைத்தார். இனி நாளுக்கு ஒருவராக முறை வைத்து, சுற்றிப் பார்த்துப் பூட்டிவிட்டுப் போவது என்று சிகாமணி அவர்களிடம் பேசி முடித்தார்.

சாயங்காலம் பூட்டும் முறையை ரத்தினசபாபதிக்குக் கொடுத்துவிட்டு, மூவரில் முதல் ஆளாகச் சிகாமணி வீட்டுக்குக் கிளம்பினார்.