கையெழுத்து போதும்

"இந்த ஊர் ஜனங்க உருப்படவே மாட்டாங்க சாமி!"

மலையடிக் குடிலுக்குள் நுழையும்போதே கத்தினார் சடையப்பன். ஊராட்சித் தலைவர், வயது அறுபது. இரண்டு தடவை அவரை ஜெயிக்க வைத்ததும் இதே ஜனங்கள்தான், அது வேறு விஷயம். சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் தலைவர் வந்து நிற்கிற இடம் இதுதான்.

"என்ன ஆச்சு?"

"நம்ம ஏரியில டவுன் குப்பையைக் கொட்டப் போறாங்க. கிராம சபையில ஊரே உட்கார்ந்து வேண்டாம்னு சொன்னா நிறுத்திடலாம். ஆட்டோவில மைக் கட்டி ரெண்டு நாள் கத்தினேன். நேத்து வந்தது பதினோரு பேர். அதிகாரி சிரிச்சிட்டுப் போயிட்டார். ஞாயித்துக்கிழமை இன்னொரு கூட்டம். அதுவும் போச்சுன்னா ஏரி போச்சு."

"போன வருஷம் எத்தனை பேர்?"

"இருநூத்து நாற்பது." கக்கத்தில் இருந்த சபைக் கையெழுத்து நோட்டைத் தட்டிக் காட்டினார்.

சாமி அந்த நோட்டைப் பார்த்தார்.

"நீங்க வந்து உட்காருங்க சாமி. உங்களைப் பார்த்தாவது வருவாங்க."

சாமி நோட்டை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுத்தார்.

"ஐயோ, கையெழுத்தா கேட்டேன்? நீங்க நேர்ல வரணும் சாமி."

"எதுக்கு? போன வருஷம் இதே நோட்டோட வந்து நீங்கதானே சொன்னீங்க? 'வர வேண்டாம், கையெழுத்து போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்'னு."

தலைவருக்கு முகம் சுருங்கிப் போனது.

வீடு வீடாக அவர் சொன்ன வார்த்தை அது. ஆள் வந்தால் கேள்வி கேட்பார்களே! ஒருமுறை சபையில் ராசகனி எழுந்து குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டாள். "பேசாம உட்காரும்மா" என்று அதட்டினார். அதற்குப் பிறகுதான் நோட்டு வீடு தேடிப் போக ஆரம்பித்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராக ராசகனி வீட்டுக்கு நடந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமை சபையில் வந்து திரும்பக் கேட்கச் சொல்ல வேண்டும்.

ராசகனி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். கக்கத்தில் இருந்த நோட்டையும் பார்த்தாள்.

"தாயி..." என்று ஆரம்பித்தார்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"எங்க போடணும் தலைவரே?"