முதலாளி இல்லாத இடம்

பிளாக்செயினில் சமூக வலைத்தளம் தொடங்கிய நிரஞ்சன், முதலீட்டாளர்களுக்குக் காபி கொண்டுவந்த ஜெயக்கொடியை நிறுத்தினார்.

"சாதாரண ஜனங்களும் இதுல சேருவாங்கன்னு நீயே சொல்லும்மா. இங்க முதலாளியே கிடையாது. உன் கணக்கை யாரும் தொட முடியாது."

"உங்க டிரைவரா இருந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்தார் சார். வயித்துல இருந்த பாப்பாவுக்குத் தாலாட்டுப் பாடிப் பதிவு பண்ணி அதுலதான் பூட்டி வச்சார். பாஸ்வேர்டு சொல்லாமலே தவறிட்டார். திறந்து குடுங்க, எங்க தெருவையே சேர்த்துவிடறேன்."

"பாஸ்வேர்டு இல்லாம என்னாலகூட முடியாதும்மா."

"முதலாளின்னு ஒருத்தர் இருந்தா கால்ல விழுந்து கேட்டிருப்பேன். இங்க யார் கால்ல சார் விழறது?"

முதலீட்டாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

ஜெயக்கொடி காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய் அழுதாள். அப்பாவின் குரல் எப்படியிருக்கும் என்று அவள் மகளுக்கு இன்றுவரை தெரியாது.