மூக்காயிக் கரடியும் ஐந்து நாள் பூவும்

காட்டில் இலுப்பை பூக்கத் தொடங்கிவிட்டால் மூக்காயிக் கரடிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இலுப்பைப் பூ விடியற்காலையில் உதிரும். வெயில் ஏறினால் வதங்கிவிடும். அதற்குள் பொறுக்கிக் காயவைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் பட்டினி இல்லை.

அந்த ஆண்டு மூக்காயி பாறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு பிசகிக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. அதனால் செவந்தி என்ற மந்திக் குட்டியை வேலைக்குக் கேட்டது.

குட்டிகளை வேலைக்கு வைக்க அந்தக் காட்டில் மூன்று விதிகள் இருந்தன. தாயின் சம்மதம் வேண்டும். ஆபத்தான வேலை கொடுக்கக் கூடாது. காலைப் பாடம் முடியுமுன் கூப்பிடக் கூடாது.

செவந்தியின் தாய் வெகுநேரம் தயங்கியது. பிறகு, "பாடம் முடிஞ்சதுக்கு அப்புறம்னா அனுப்புறேன் அக்கா. உங்கள நம்பித்தான் விடுறேன்" என்றது. மூக்காயி குட்டியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தது.

செவந்தி நல்ல சுறுசுறுப்பு. ஆனால் பாடம் முடிந்து அது வந்து சேர்வதற்குள் மான்களும் மயில்களும் நல்ல பூவையெல்லாம் தின்று தீர்த்திருந்தன. மிதிபட்ட பூதான் மிச்சம். மூக்காயிக்கு வயிறு எரிந்தது. பூக்காலம் முடிய இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் வெள்ளன வந்துடு தாயி. மைனா டீச்சர் கேட்டா வயித்துவலின்னு சொல்லிக்க."

"அம்மா திட்டுமே பெரியம்மா?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. ஒருநாள் ஐந்து நாளாயிற்று. மூக்காயி ஒன்றும் கெட்ட கரடி இல்லை. குட்டியைச் சுமை தூக்கவிடாது, பூவில் நல்லதாகப் பார்த்து அதற்கே முதலில் கொடுக்கும். மூன்று விதியில் இரண்டைக் காப்பாற்றுகிறோமே, ஒன்றைக் கொஞ்சம் வளைத்தால் குடியா முழுகிவிடும் என்று அது தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டது. நம்மில் பலருக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே வரும்.

அந்த ஐந்து நாளும் மைனா மற்றக் குட்டிகளுக்கு எச்சரிக்கைக் குரல்களைச் சொல்லிக்கொடுத்தது. விட்டுவிட்டுக் கத்தினால் சிறுத்தை வருகிறது. உடனே மரத்தின் உச்சிக்கு ஏற வேண்டும். நீட்டிக் கத்தினால் ராசாளி வருகிறது. மரத்தை விட்டுக் குதித்துப் புதருக்குள் ஒளிய வேண்டும்.

ஆறாம் நாள் பூ தீர்ந்தது. செவந்தி பாடத்துக்குத் திரும்பியது. சற்றுத் தள்ளி மூக்காயி தன் பூக்குவியலைக் கிளறிக்கொண்டிருந்தது. திடீரென்று மைனா நீட்டிக் கத்தியது. குட்டிகள் பொத்துப் பொத்தென்று புதருக்குள் குதித்தன. செவந்தி மட்டும் விறுவிறுவென உச்சிக்கு ஏறியது.

"எறங்கு தாயி! கீழ எறங்கு!"

மூக்காயியின் உறுமலில் காடே அதிர்ந்தது. அதற்குள் பாய்ந்து வந்து கால்நகங்களால் குட்டியைப் பற்றியிருந்த ராசாளி மிரண்டு பிடியை விட்டது. செவந்தி கீழே விழுந்தது. உயிர் பிழைத்தது. ஆனால் நகம் பாய்ந்த இடக்கையால் அதன்பிறகு ஒரு கிளையைக்கூடப் பற்ற முடியவில்லை.

தாய் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அழுதது. சொல்லிக்கொடுத்தும் ஏன் ஏறினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டது. செவந்தி ஒருமுறை மூக்காயியைப் பார்த்தது. பிறகு, "எனக்குத்தான் புரியலம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டது.

அத்தோடு மூக்காயி தப்பித்திருக்கலாம். வயிற்றுவலி பொய் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தன்னைக் காட்டிக்கொடுக்காத அந்தக் குட்டியின் முன் அதனால் நிற்க முடியவில்லை.

"அவ மேல தப்பில்ல. அந்தப் பாடம் நடந்தப்ப அவ எங்கிட்ட பூப் பொறுக்கிட்டு இருந்தா. வயித்துவலின்னு சொல்லச் சொன்னதும் நாந்தான்."

தாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்றுவரை அது மூக்காயியிடம் பேசவில்லை.

அடுத்த ஆண்டும் இலுப்பை பூத்தது. பூ உதிரும் விடியற்காலைகளில் மூக்காயி தோப்புப் பக்கமே போகவில்லை. கிளை தாவ முடியாத செவந்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு, இடுப்பு வலியோடு மைனாவிடம் நடந்தது. பாடம் முடியும்வரை மரத்தடியில் காத்திருந்தது. மான்களும் மயில்களும் வயிறாரத் தின்றன. அந்த மழைக்காலத்தில் மூக்காயி பல நாள் பட்டினி கிடந்தது. குட்டியின் கை மட்டும் திரும்பி வரவில்லை.

பிள்ளைக்கு வேலை கொடுப்பவர், தாம் வாங்கிக்கொள்ளும் நேரம் அந்தப் பிள்ளை எதைக் கற்க வேண்டிய நேரம் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.