மூலையில் ஒரு ஸ்டூல்

"என் மூணாவது ரவுண்டு எங்க போவுது, மாஸ்டர்?"

கைக்கட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே சூசை கேட்டார். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

ரெஜினா அவரைவிட மிகவும் இளையவர். ராயபுரத்தின் அந்தக் குத்துச்சண்டைக் கூடத்தில் எல்லோருக்கும் அவர்தான் மாஸ்டர். சூசைக்கும்.

"ரெண்டு வருஷமா எதிர்ல அதே தணிகாசலம். மொத ரவுண்டு என்னுது. ரெண்டாவது சமம். மூணாவதுல கை மேல வர மாட்டேங்குது. ரெஃபரி நடுவுல பூந்து நிறுத்திடறாரு. அவனுக்கும் என் வயசுதான். எனக்கு மட்டும் இன்னா கேடு?"

ரெஜினா அவிழ்ந்த கட்டை வாங்கிச் சுருட்டினார்.

"இந்த வாட்டியும் தோத்தா விட்டுருவேன். வூட்ல சொல்லிட்டேன்."

"அத யாருக்குக் குடுத்துட்டு வரீங்க, அண்ணா?"

"எத?"

"மூணாவது ரவுண்ட."

சூசை அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து பீடியை விட்டார். விடியற்காலையில் கடலோரமாக ஓடினார். இரண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மூன்றாவது ரவுண்ட் வரவில்லை.

பயிற்சியில் ஒவ்வொரு ரவுண்ட் முடிந்ததும் ரெஜினா மூலையில் ஸ்டூலைப் போடுவார். சூசை அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்து நிற்பார். குதிகால் தரையில் படாது. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"தணிகாசலம் குந்தறான், பாத்துகிறீங்களா? முடிவெட்ட வந்தவன் மாதிரி கால நீட்டிக்கினு."

"பாத்திருக்கேன்."

"அவங்கிட்ட போய் தோக்கறேன்."

ரெஜினா ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார்.

ஒரு நாள் சூசை கூடத்துக்குள் வரும்போதே கோபமாக வந்தார்.

"பஸ்ல ஒரு காலேஜ் பொண்ணு எழுந்து இடம் குடுக்குது, மாஸ்டர். குந்துங்க தாத்தான்னு."

"குந்துனீங்களா?"

"நானா? டோல்கேட் வரைக்கும் கம்பியக்கூட புடிக்காம நின்னேன்."

"அந்தப் பொண்ணு?"

"எழுந்தது எழுந்ததுதான். அதுவும் குந்தல. சீட்டு காலியாவே வந்துச்சு."

ரெஜினா சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"இதுல இன்னா மாஸ்டர் சிரிப்பு?"

"அந்த சீட்ட நெனச்சேன்."

மூத்தோர் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. துறைமுகத்து ஆட்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். எதிர் மூலையில் தணிகாசலம். வழுக்கைத் தலை, அகலமான தோள்.

முதல் ரவுண்ட் சூசையுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மணி அடித்ததும் அவர் தன் மூலைக்கு வந்து நின்றார். வேன் ஆட்களைப் பார்த்துக் கையுறையை உயர்த்தினார். விசில் பறந்தது.

துடைக்கத் துண்டு வரவில்லை. தண்ணீரும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தார்.

ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டி, முதுகைக் கம்பத்தில் சாய்த்து, சூசையின் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டருக்கு மூச்சு வாங்குதுடோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா மாஸ்டர் இது?"

"சீட்டு காலியா இருந்துச்சு."

இரண்டாவது ரவுண்ட் சமம். கடைசியில் சூசைக்கு அந்தப் பழைய கனம் தெரிந்தது. முதலில் தோளில். பிறகு முழங்கையில். அது எப்படி இறங்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மணி அடித்தது.

தணிகாசலம் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

சூசை தன் மூலைக்கு வந்தார். ரெஜினா ஏற்கெனவே ஸ்டூலில் இருந்தார்.

"அண்ணே! சூசண்ணே!" வேன் ஆட்கள் அழைத்தார்கள். கையுறை உயரும் என்று காத்திருந்தார்கள்.

சூசை அவர்களைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டினார்.

"எழுந்திரிங்க மாஸ்டர்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வயசாவுது."

"சொல்லவே இல்லயே," என்று ரெஜினா எழுந்து இடம் விட்டார்.

சூசை உட்கார்ந்தார். கால்கள் தாமாகவே நீண்டன. பிடரியில் தண்ணீர் விழுந்தது. மூச்சு வயிறுவரை போய்த் திரும்பியது. தோளிலிருந்த கனம் எங்கோ கீழே இறங்கிக்கொண்டிருந்தது.



அந்த உயரத்திலிருந்து அவர் மேடையைப் பார்த்ததே இல்லை. நேர் எதிரே, அதே உயரத்தில், தணிகாசலத்தின் முகம் இருந்தது. வாய்வரை வந்த தண்ணீர் பாட்டில் அங்கேயே நின்றுவிட்டது. தணிகாசலம் சூசையைப் பார்த்தார். சூசையின் காலைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார்.

பாட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்தார். குதிகாலை உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்துக் கையுறையை ஆட்டினார்.

ஓய்வு முடியப் பத்து வினாடி இருக்கும்போது ஊதும் விசில் ஒலித்தது. ரெஜினாவின் கை ஸ்டூலுக்கு வந்தது.

"அண்ணா, அவரு எழுந்துட்டாரு."

"பாத்தேன்."

"எடுக்கட்டுமா?"

"இருங்க மாஸ்டர்," என்றார் சூசை. "இன்னும் பத்து செகண்டு கீது."