கல்லறைக்கு வர ஒத்துக்கொண்ட நக்தி

எகிப்து தேசத்து ராஜாக்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு தினுசு. நாமெல்லாம் கையில் நாலு காசு சேர்ந்தால் வீடு கட்ட யோசிப்போம். அவர்கள் பட்டம் சூட்டிக்கொண்ட கையோடு கல்லறை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்! செத்த பிறகு வரப்போகிறதுதான் நெடுநாள் வாழ்க்கை என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் கட்டில், செருப்பு, தேன் ஜாடி, பதப்படுத்திய வாத்து என்று சகலத்தையும் கல்லறைக்குள் அடுக்கி வைப்பார்கள்.

செனெப்ரா மகாராஜாவும் அப்படித்தான் அடுக்கிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, இருமல் வேறு விட்டபாடில்லை. ஒருநாள் கல்லறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், சபையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே எனக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?"

தலைமைப் பூசாரி மெர்ஹோர் சட்டென்று எழுந்தார். ராஜாவின் செல்லப்பிள்ளையான அரசவை விகடன் நக்தியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். எரியாதா பின்னே? போன திருவிழாவில், "பூசாரி ஐயாவின் மொட்டைத் தலை பளபளத்ததில் விடிந்துவிட்டதென்று அரண்மனை வாத்துகள் எல்லாம் எழுந்துவிட்டன" என்று சொல்லி ஊரையே சிரிக்க வைத்தவனாயிற்றே!

"அரசே, இதற்கா கவலை? நக்தியையே கூட அழைத்துப் போய்விடுங்கள். உங்களை உள்ளே வைக்கும்போது அவனையும் உட்கார வைத்து வாசலை அடைத்துவிடலாம்."

"அடடே! இது எனக்குத் தோன்றவில்லையே!" என்று ராஜா கையைத் தட்டினார். "என்ன நக்தி, வருகிறாயா?"

நக்தி யோசித்தான். மாட்டேன் என்றால் ராஜத்துரோகம். இன்றைக்கே தலை போகும். "என் பாக்கியம் அரசே!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்.

வீட்டில் அவன் மனைவி இனெத் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு என்ன கேடு? ராஜாவுக்குத்தான் இருமல்! நல்லா இருக்கிற மனுஷனை யாராவது குழிக்குள்ளே வைப்பாங்களா?"

நக்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "அழாதே இனெத். பூசாரியை வைத்தே தப்பித்து விடுகிறேன்."

மறுநாள் சபைக்குப் போனதும் நக்தி பணிவாகச் சொன்னான். "அரசே, போகிற இடத்தில் விசாரணை உண்டே. ஒரு ஒத்திகை பார்த்துக்கொள்ளலாமா?"

அந்த விசாரணை எகிப்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒசிரிஸ் தேவனின் சபையில் ஒரு தராசு இருக்கும். ஒரு தட்டில் செத்தவனின் இதயம், மறு தட்டில் ஒற்றை இறகு. 'நான் இந்தப் பாவம் செய்யவில்லை, அந்தப் பாவம் செய்யவில்லை' என்று அவன் வரிசையாகச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் இதயம் கனத்துத் தட்டு இறங்கும். கீழே முதலைத் தலையோடு காத்திருக்கும் மிருகம் அதை லபக்கென்று விழுங்கிவிடும். அப்புறம் கல்லறை ஏது, தேன் ஜாடி ஏது!

ராஜாவுக்கு நாடகம் என்றால் உயிர். தராசு வந்தது, நெருப்புக்கோழி இறகு வந்தது. மெர்ஹோர் வரிகளை எடுத்துக் கொடுத்தார். நக்தி ராஜாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"நீ ஏன் அங்கே நிற்கிறாய்?"

"நான்தான் கூடவே வருகிறேனே அரசே! அங்கேயும் இப்படித்தான் நிற்பேன்."

ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் திருடியதில்லை. நான் பொய் சொன்னதில்லை." அடுத்த வரிக்கு நெஞ்சை நன்றாக நிமிர்த்தினார். மனுஷர் சாது, அதில் அவருக்குப் பெருமை. "நான் யாரையும் கொன்றதில்லை. கொல்லச் சொன்னதும் இல்லை!"

"க்கும்!" என்றான் நக்தி.

"என்னடா?"

"ஒன்றுமில்லை அரசே. இந்த இடத்தில் ஒசிரிஸ் உங்களைத் தாண்டி என்னைப் பார்ப்பார். 'ஏனப்பா, ராஜா இருமி இருமிச் செத்தார். நீ திடகாத்திரமாக இருக்கிறாயே, நீ எப்படி இங்கே வந்தாய்?' என்று கேட்பார். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

ராஜா தராசையும் இறகையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது.

மெர்ஹோர் பதறிப்போய்க் குறுக்கிட்டார். "அரசே, இவன் நாக்கை அறுத்துவிட்டுக் கூட்டிப் போனால்..."

"தாராளமாக அறுக்கலாம்," என்றான் நக்தி. "அதற்கு அடுத்த வரி என்ன பூசாரி ஐயா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்."

மெர்ஹோர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். "நான்... யாரையும்... ஊனமாக்கியதில்லை..."

ராஜா முறைத்த முறைப்பில் பூசாரியின் மொட்டைத் தலை சிவந்துபோனது. "அப்படியானால் யாராவது தானாக மனமுவந்து வந்தால்தான் பாவம் இல்லை. பூசாரி, யோசனை உங்களுடையதுதானே. நீங்கள் வருகிறீர்களா?"

"எனக்கு... எனக்கு மூட்டு வலி அரசே. அவ்வளவு படி இறங்க முடியாது."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பில் இருமலே மறந்துபோயிற்று. தம் கழுத்துப் பொன் ஆரத்தைக் கழற்றி நக்திக்குப் போட்டார்.

"நீ இங்கேயே இருடா! உன்னைப்போலவே ஒரு மண் பொம்மை செய்து என்னோடு வைக்கச் சொல்கிறேன். பூசாரி, கல்லறைச் சிலைகளுக்கு வாய் திறக்கிற சடங்கு ஒன்று செய்வீர்களே, அது எதற்கு?"

"அதைச் செய்தால்தான் அரசே, அவை அந்த உலகத்தில் வாய் திறந்து பேசும்."

"அப்படியா!" என்றார் ராஜா. "மற்ற எல்லாவற்றுக்கும் செய்யுங்கள். இந்தப் பயல் பொம்மைக்கு மட்டும் செய்துவிடாதீர்கள். நான் விசாரணையில் தேற வேண்டும்!"