கூத்தபிரான் ருசி பார்த்த கலவாய்

பவழப்பட்டினத்து ராஜா செம்பியராயருக்குப் பாதி உயிர் உடம்பில் இருந்தது, மீதி கலவாய் மீனில் இருந்தது. சாதாரணக் கலவாய் இல்லை, உடம்பெல்லாம் பட்டை பட்டையாக வரி ஓடும் வரிக்கலவாய். கடலுக்குள் பாறை இடுக்கில் ஒளிந்து கிடக்கும். ஒரு நாளைக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். மஞ்சளும் மிளகும் தடவி, வாழையிலையில் சுற்றி வேகவைத்தால், வரிகூட அழியாமல் வந்து ராஜாவின் இலையில் படுத்துக்கொள்ளும்.

ராஜா சாப்பிடும் முன்னால் ஒருவர் ருசி பார்த்து, விஷமில்லை என்று சொல்லியாக வேண்டும். அது அரண்மனை வழக்கம். அந்த வேலை, சபையைச் சிரிக்கவைக்கும் கூத்தபிரானுடையது. மற்ற பதார்த்தங்களை மனுஷன் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வான். கலவாய் வந்தால் மட்டும் சந்தேகம் தீரவே தீராது. கன்னத்தில் ஒரு கிள்ளு, வயிற்றில் ஒரு கிள்ளு. "வாலில் விஷம் வைக்க மாட்டானா என்ன?" என்று வாலிலும் ஒரு கிள்ளு.

மந்திரி மருதவாணருக்கு வயிறு எரிந்தது. அவருக்கு அந்த மீனில் ஒரு முள்கூடக் கிடைத்ததில்லை, பாவம். போய் ராஜாவின் காதைக் கடித்தார்.

மறுநாள் ராஜா கூப்பிட்டனுப்பினார். "கூத்தபிரான், நான் வாயில் வைக்கும் முன் நீ ருசி பார்த்தாக வேண்டும். ஆனால் மீன் என் இலைக்கு முழுசாக வரவேண்டும். ஒரு கிள்ளு குறையக் கூடாது."

"குறைந்தால், மகாராஜா?"

"வேலை போய்விடும்," என்றார் மந்திரி, ராஜாவை முந்திக்கொண்டு. "எங்கே கிள்ளினாலும் வரி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும், தெரிந்துகொள்ளும்."

கூத்தபிரானுக்குப் பகீரென்றது. வேலை போனால் சம்பளம் போகும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கலவாய் போய்விடுமே. அதை நினைத்தபோது நிஜமாகவே கண் கலங்கியது.

சாப்பாட்டு நேரம் வந்தது. கூத்தபிரான் தானே மீனைத் தூக்கிவந்து ராஜாவின் இலையில் வைத்தான். மந்திரி குனிந்து, தலையிலிருந்து வால்வரை வரி வரியாகப் பார்த்தார். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

"பேஷ்," என்றார் ராஜா. "ருசி பார்த்தாயா?"

"பார்க்காமல் இருப்பேனா? கிள்ளத்தானே கூடாது என்றீர்கள். அதனால் நக்கிப் பார்த்தேன், மகாராஜா. இரண்டு பக்கமும்."

இலைக்குப் போன ராஜாவின் கை அப்படியே நின்றது. இலையை மெல்லத் தள்ளினார். "மருதவாணரே, யோசனை உம்முடையது. நீரே சாப்பிடும்."

"ஐயையோ, எச்சில் மீனையா?" மந்திரி இரண்டடி பின்னால் போனார்.

"வீணாய்ப் போகக் கூடாதே," என்று பெருமூச்சு விட்டபடி கூத்தபிரான் இலை முன் உட்கார்ந்தான். கன்னச்சதையைப் பிரித்தான், வயிற்றுக்கறியை வழித்தான், முள்ளை உறிஞ்சினான். ராஜா பார்த்துக்கொண்டே எச்சில் விழுங்கினார். கடைசியில் இலையில் முள் மட்டும் மிஞ்சியது.

கூத்தபிரான் விரலைச் சூப்பிவிட்டு எழுந்து, கைகூப்பினான். "மகாராஜா, மன்னிக்கணும். நக்கினேன் என்று சொன்னது பொய். என் நாக்கு அதன் மேல் படவே இல்லை."

"அடப்பாவி, அப்படியானால் ருசி பார்க்காமலா என் இலையில் வைத்தாய்?"

"நீங்கள் சொன்னது என்ன? இலைக்கு முழுசாக வரவேண்டும், வந்தது. நீங்கள் வாயில் வைக்கும் முன் நான் ருசி பார்க்க வேண்டும். நீங்கள்தான் இன்னும் வைக்கவே இல்லையே. இப்போது பார்த்துவிட்டேன். தலையிலிருந்து வால்வரை சொட்டு விஷம் இல்லை, மகாராஜா. தாராளமாகச் சாப்பிடலாம்."

ராஜா முள்ளைப் பார்த்தார், கூத்தபிரானைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், விக்கல் எடுக்கும்வரை சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவிப் பரிசாக நீட்டி, "கையைக் கழுவிவிட்டுத் தொடு," என்றார்.

அன்று ராஜாவுக்கு ரசம் சாதம்தான். அதை ருசி பார்த்தவர் மந்திரி.